திண்டிவனத்திலிருந்து யாரோ உள்ளே வந்திருக்கிறார்கள்

வியாழக்கிழமைதோறும் எங்கள் வீட்டுக் கதவின் தபால் துவாரம் வழியாக ஒரு காகிதத் துண்டு உள்ளே வந்து விழுகிறது. உள்ளூர் வாரப் பத்திரிகையிலிருந்து ஓரம் பிசகாமல் கத்தரித்த வேலை விளம்பரம். கிடங்குக்குக் காவலாள் தேவை, அனுபவம் அவசியமில்லை, பூட்ஸ் கொடுக்கப்படும். கத்தரித்துப் போடுபவர் பக்கத்து வீட்டு பிரீடா அம்மாள். அயர்லாந்தின் மேற்குப் பக்கம், லிமெரிக்கிலிருந்து பஸ்ஸில் போய்விடுகிற தூரத்தில் ஒரு சின்ன ஊரில் நாங்கள் குடியிருக்கிறோம். என் மனைவி அமலா காலையில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிப் போவதை அந்த அம்மாள் ஜன்னல் வழியாகப் பார்க்கிறார். நான் எங்கேயும் போகாமல் இருப்பதையும் பார்க்கிறார். குடிவந்த புதிதில் என்ன வேலை என்று கேட்டார். செக்யூரிட்டி என்றேன். எங்கே என்றார். வீட்டில்தான் என்றேன். அவர் முகம் அப்படியே இளகிவிட்டது. இன்னொரு நாள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, எல்லாம் கம்ப்யூட்டரில் என்று விளக்கப் பார்த்தேன். "ஆமாம், இப்போதெல்லாம் விண்ணப்பம் போடுவதுகூடக் கம்ப்யூட்டரில்தான், கஷ்டம்தான்" என்று ஆறுதல் சொல்லிவிட்டு உள்ளே போனார். அதற்கு மேல் நானும் விளக்கவில்லை.

பிரீடா அம்மாளைக் குறை சொல்ல முடியாது. என் சொந்தக்காரர்களுக்கே என் வேலை பிடிபட்டதில்லை. அமலாவின் ஊர் முகையூர். அங்கே ஒரு கல்யாணப் பந்தியில் என் காதுபடவே பேசினார்கள்: "பொண்ணு டூட்டிக்குப் போவுது, மாப்ள வூட்ல குந்திக்கினு இருக்காரு. குடுத்து வச்ச மனுசன்யா." பொண்டாட்டி விசாவில் போனவன் என்ற பேர் எனக்கு முன்பே ஊருக்குள் போய்ச் சேர்ந்திருந்தது. அது பொய்யும் இல்லை. நர்ஸ் வேலைக்கு அவளைத்தான் கூப்பிட்டார்கள்; நான் பின்னால் போனேன். போன இடத்தில் எனக்குத் தெரிந்த வேலையைத் தேடிக்கொண்டேன். ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர்களுக்குள் யார் யார் எந்த ஊரிலிருந்து நுழைகிறார்கள் என்று நாள் முழுக்கத் திரையில் பார்ப்பது என் வேலை. வழக்கத்துக்கு மாறாக யாராவது நுழைந்தால் ஒரு சிவப்பு வரி எழும்பும். அந்தக் கணக்குக்கு உரியவரைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும். திருட்டு என்றால் கதவைச் சாத்த வேண்டும். சைபர் செக்யூரிட்டி அனலிஸ்ட் என்று இதற்குப் பெயர். பெயர் நீளம், ஒப்பந்தம் ஆறு மாதம். முடிகிற நேரத்தில் நீட்டுவார்கள், அல்லது நீட்ட மாட்டார்கள். அதனால்தான் பிரீடா அம்மாள் போடுகிற துண்டுகளை நான் தூக்கிப் போடுவதில்லை.

நான் பயந்த சுபாவக்காரன். கேஸை மூடினேனா என்று படுக்கையிலிருந்து எழுந்து போய்ப் பார்ப்பவன். 'கொஞ்சம் பேசலாமா' என்று மேலாளரிடமிருந்து ஒரு வரி வந்தால், என்ன ஏது என்று கேட்பதற்கு முன்பே சென்னைக்கு விமான டிக்கெட் என்ன விலை என்று பார்த்துவிடுவேன். பதினொன்றாம் வகுப்பில் பாதியில் நின்றவன் என்பதும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். கூட வேலை பார்ப்பவர்கள் சாப்பாட்டு நேரத்தில் தங்கள் கல்லூரியைப் பற்றிப் பேசும்போது நான் மைக்கை அணைத்துவிட்டு டீ போடப் போய்விடுவேன்.

படிப்பை விட்டபின் நான் போய்ச் சேர்ந்தது திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு பிரவுசிங் சென்டர். அங்கேதான் கம்ப்யூட்டரைத் தொட்டேன். ரேஷன் கார்டு, வருமானச் சான்று, பரீட்சை ஹால் டிக்கெட், பாஸ்போர்ட், எல்லாவற்றுக்கும் ஊரே அங்குதான் வரும். வருகிறவர்கள் ஸ்டூலில் உட்கார்ந்ததும் பாஸ்வேர்டைச் சத்தமாகச் சொல்வார்கள். பெரும்பாலும் மகளின் பெயரும் ஒன்று இரண்டு மூன்றும். "மறந்துட்டேம்பா, போன தபா நீதான வச்ச, நீயே சொல்லு" என்பவர்களும் உண்டு. வரிசையில் நிற்கும் நாலு பேருக்கும் அது கேட்கும். யாருக்கும் கூச்சம் கிடையாது. வெளியூர் போகும்போது எதிர் வீட்டில் சாவி கொடுத்துவிட்டுப் போவதில்லையா, அந்த மாதிரி. வீட்டுக்கு ஒருவன் கம்ப்யூட்டர் தெரிந்தவன் இருந்தால் போதும்; சித்தப்பா, பெரியப்பா, மாமனார் வீடு வரைக்கும் எல்லாக் கணக்கையும் அவனே திறப்பான், அவனே மூடுவான். தெரிந்தவன் செய்வான், தெரியாதவர்கள் அவனுக்கு டீ வாங்கித் தருவார்கள். நான் அப்படித்தான் தொழில் கற்றேன். பிறகு சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் கண்காணிப்பு மையத்தில் ஆள் பற்றாக்குறையால் பட்டம் கேட்காமல் எடுத்துக்கொண்டார்கள். அங்கே முதல் நாள் சொல்லித் தந்த முதல் பாடம், பாஸ்வேர்டை யாரிடமும் சொல்லக்கூடாது என்பது. எனக்கு அது ஒரு புதிய மதத்தில் சேர்ந்த மாதிரி இருந்தது.

போன வருடக் கடைசியில் ஒரு நாள் காலை, டீயை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தபோது திரையில் ஒரு சிவப்பு வரி. நாங்கள் பார்த்துக்கொள்ளும் கம்பெனிகளில் ஒன்று, வயதானவர்களைப் பராமரிக்கும் இல்லங்களை நடத்துகிறது. அதில் ஒரு பராமரிப்பு உதவியாளர். அவர் பெயரை மாற்றி, செல்வி என்று வைத்துக்கொள்கிறேன். மற்ற அடையாளங்களையும் கலைத்துவிட்டேன். செல்வி காலை டூட்டிக்கு வந்து இல்லத்துக் கம்ப்யூட்டரில் நுழைந்திருக்கிறார். சற்று நேரத்தில் அதே செல்வி இன்னொரு இடத்திலிருந்தும் நுழைந்திருக்கிறார். அந்த இடத்தின் பெயர் ஆங்கில எழுத்தில் இருந்தது. நான் இரண்டு முறை படித்தேன். திண்டிவனம்.

நம் பக்கத்திலிருந்து யார் நுழைந்தாலும் வழக்கமாக சென்னை என்றுதான் காட்டும். அன்றைக்கு என்னவோ ஊர் பெயரையே எடுத்துக் கொடுத்துவிட்டது. அந்தப் பெயரை ஆங்கிலத்தில் ரயில் நிலையப் பலகையில் பார்த்திருக்கிறேன், பஸ்ஸின் நெற்றியில் பார்த்திருக்கிறேன். சந்தேகத்துக்குரிய இடம் என்று சிவப்பில் எழுதிப் பார்த்தது அன்றுதான். அதற்குள் எங்கள் குழுவின் தலைவர் கொனோரிடமிருந்து செய்தி வந்தது. கொனோர் டப்ளினில் தன் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர், நல்ல மனுஷர், என்னைவிட இளையவர். "எங்கே இருக்கிறது இந்த ஊர்? பார்த்தாலே சரியில்லை. கணக்கை முடக்கிவிட்டு ஆளைக் கூப்பிட்டு விசாரி" என்று எழுதியிருந்தார். எனக்குத் தெரியும் அந்த ஊர் என்று பதில் எழுத விரல் போனது. எழுதவில்லை. ஊர் பெயரைச் சொன்னால் நானும் அந்தச் சிவப்பு வரிக்குள் போய்விடுவேன் என்று ஒரு பயம். "சரி" என்று மட்டும் எழுதினேன்.

கூப்பிடுவதற்கு முன் உள்ளே வந்த ஆள் என்ன செய்தான் என்று பார்த்தேன். சம்பள விவரத்தைத் தொடவில்லை. முதியவர்களின் கோப்பு எதையும் திறக்கவில்லை. நேராகப் பயிற்சிப் பகுதிக்குப் போயிருக்கிறான். இந்த நாட்டில் எந்த வேலையானாலும் வருடாவருடம் கம்ப்யூட்டரில் சில பாடங்களைப் படித்துக் கேள்விகளுக்குப் பதில் போட்டுத் தேற வேண்டும். தீ விபத்துப் பாதுகாப்பு, தேர்ச்சி. நோயாளியைத் தூக்கும் முறை, தேர்ச்சி. கை கழுவும் முறை, முழு மதிப்பெண். கடைசியாகத் திறந்து பாதியில் நின்றிருந்த பாடம், பாஸ்வேர்டை யாரிடமும் பகிரக்கூடாது என்பது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எந்தத் திருடனும் கடல் தாண்டி வந்து கை கழுவக் கற்றுக்கொண்டு போக மாட்டான். திண்டிவனத்தில் எங்கோ ஒரு பையனோ பெண்ணோ அக்காவுக்காக உட்கார்ந்து பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறது. சிரிப்பு அடங்கியதும்தான் மற்றது உறைத்தது. இந்த நாட்டில் அதை மோசடி என்பார்கள். செல்வியின் வேலை அனுமதி அந்தக் கம்பெனியின் பெயரில் இருக்கும். வேலை போனால் வேறு கம்பெனி பிடிக்க வேண்டும், பிடிக்க முடியாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டும்.

விசாரணை அழைப்புகள் எல்லாம் பதிவாகும். ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும். என் பெயரையும் கம்பெனிப் பெயரையும் சொல்லி, இன்று காலை வேறு இடத்திலிருந்து உங்கள் கணக்கைத் திறந்தீர்களா என்று கேட்டேன். "நோ சார். யெஸ் சார். ஐ ஆம் இன் டூட்டி சார்" என்றார். பின்னால் யாரோ ஒரு முதியவர் இருமும் சத்தம் கேட்டது. உங்கள் பாஸ்வேர்டு வேறு யாருக்காவது தெரியுமா என்றேன். அவர் குரல் தணிந்து தமிழில் வந்தது.

"அண்ணே, நீங்க நம்மூருங்களா? பேச்சு நம்ம பக்கம் மாரியே கீது."

நான் பேசியது ஆங்கிலம். அதற்குள் இருக்கிற திண்டிவனத்தை அவர் கண்டுபிடித்துவிட்டார். இத்தனை வருடத்தில் இந்த நாட்டில் ஒருவரும் கேட்காத கேள்வி. பதில் என் வாயில் தயாராக இருந்தது. எந்தத் தெரு என்றுகூடக் கேட்டிருப்பேன். ஆனால் அந்த அழைப்பை நாளைக்கு யாராவது போட்டுக் கேட்பார்கள். இரண்டு பேர் புரியாத மொழியில் பேசினால் என்ன நினைப்பார்கள்? என் ஒப்பந்தம், அவர் வேலை, இரண்டும் சேர்ந்து மூழ்கும். "மேடம், இந்த அழைப்பு பதிவாகிறது. தயவுசெய்து ஆங்கிலத்தில் பதில் சொல்லுங்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். சொல்லும்போதே என் குரல் எனக்கே யாரோ ஒரு ஆபீசர் குரல் மாதிரி இருந்தது.

அவர் ஆங்கிலத்துக்குத் திரும்பினார். தம்பி சார். என் தம்பி. டிரெய்னிங் மட்டும்தான் செய்தான், வேறு எதையும் தொடவில்லை. காலையிலிருந்து இரவு வரை டூட்டி, வீட்டுக்குப் போனால் கண் சொருகுகிறது, வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை, இந்த வாரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று மெயில் மேல் மெயில் வந்தது. வார்த்தை வார்த்தையாக நின்று நின்று சொன்னார். கடைசியில் மறுபடி தமிழ் தானாக வந்துவிட்டது. "வேல போயிடுமா சார்? பாப்பாவுக்கும் அவங்கப்பாவுக்கும் விசா போட்டுக்கீது. அடுத்த மாசம் வர்றாங்க." அண்ணே என்றவர் சார் என்றதைக் கவனித்தேன். நீங்கள் சொன்னதை அப்படியே எழுதுவேன் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு வைத்தேன். கணக்கை முடக்கினேன். டீ ஆறி ஆடை படிந்திருந்தது.

அமலா டூட்டி முடிந்து வரும்வரை எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பெயர், இடம் எதுவும் சொல்லாமல் நடந்ததைச் சொன்னேன். அவள் ஷூவைக் கழற்றிக்கொண்டே சிரித்தாள்.

"இதுக்கா இப்பிடி பேஜார் ஆயிட்டீங்க? எங்க வார்டுல பாதிப் பேருக்கு வூட்டுக்காரர்தான் டிரெய்னிங் முடிக்கிறாரு. ஒருத்திக்கு அவ மாமனாரு முடிச்சாரு, ரிட்டையர்டு வாத்தியாரு. எல்லாத்துலயும் ஃபுல் மார்க்கு."

"நீ மட்டும் எங்கிட்ட குடுத்ததே இல்லியே?"

"உங்ககிட்டயா? நீங்க போலீசு. குடுத்துட்டு ராத்திரி தூங்க முடியுமா? நீங்களே எழுந்து போயி என் பேர எழுதிக் குடுத்துடுவீங்க."

அப்புறம் அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தாள். "ஏங்க, அந்தப் பொண்ணு ஒரு நாளைக்கு எத்தினி தபா கை கழுவும் தெரியுமா? தோலு உரிஞ்சி போயிருக்கும். அதுக்குப் போயி கம்ப்யூட்டர்ல பரீச்ச. பாஸ்வேர்ட குடுத்தது தப்புதான், இல்லேங்கல. ஆனா வேல போற அளவு தப்பா அது?"

தொழில் முறையில் பார்த்தால், அந்தப் பாஸ்வேர்டு இருந்தால் முதியவர்களின் மருத்துவ விவரம் எல்லாவற்றையும் பார்க்கலாம். தம்பியின் போன் காணாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயம். ஊர் முறையில் பார்த்தால், அக்கா கேட்டு முடியாது என்று சொல்லும் தம்பி எங்கே இருக்கிறான்? இரண்டு பக்கமும் எனக்கு நன்றாகத் தெரிந்த பக்கம். அதுதான் சிக்கல்.

மறுநாள் கொனோரிடம் திரை வழியாகப் பேசினேன். முந்தின நாள் எழுதாததை முதலில் சொல்லிவிட்டேன்: அது என் ஊர், அந்தப் பெண் எனக்குத் தெரிந்தவரில்லை, ஆனால் பேச்சை வைத்து என் பக்கம் என்று தெரிகிறது. இதைச் சொல்லாமல் அறிக்கை கொடுத்தால் சரியாக இருக்காது என்றேன். கொனோர் நெற்றியைச் சுருக்கினார். "அந்தத் தம்பி ஏதாவது கும்பலைச் சேர்ந்தவனா?" என்று கேட்டார். குடும்பத்தைச் சேர்ந்தவன் என்றேன். எங்கள் பக்கம் கம்ப்யூட்டர் தெரிந்தவன் எல்லோருக்கும் சேர்த்துச் செய்வான், அதில் மறைப்பதற்கு ஒன்றுமில்லை என்று நினைப்பார்கள், நானே அந்த வேலை பார்த்துத்தான் வந்தேன் என்று விளக்கினேன். அவர் வாயைத் திறப்பதற்குள் நான் மனதுக்குள் டிக்கெட் விலை பார்க்கத் தொடங்கியிருந்தேன்.

"என் அம்மாவின் பேங்க் கணக்கை நான்தான் திறக்கிறேன்" என்றார் கொனோர். "பாஸ்வேர்டு எங்கள் நாயின் பெயர்." பிறகு குரலை மாற்றிக்கொண்டு, "ஆனால் இதை அப்படியே விட முடியாது. இனி நடக்காது என்று இல்லங்களை நடத்தும் கம்பெனிக்கு நாம் உறுதி தர வேண்டும். தராவிட்டால் இது அவர்கள் நிர்வாகத்துக்குப் போகும், நிர்வாகம் அந்தப் பெண்ணை நீக்கிவிடும். என்ன உறுதி தருவாய்?"

இரவெல்லாம் நான் அதைத்தான் யோசித்திருந்தேன். அந்த இல்லங்களில் வேலை பார்ப்பவர் எவருக்கும் அயர்லாந்துக்கு வெளியிலிருந்து நுழைய வேண்டிய அவசியம் கிடையாது. அதனால் வெளியே இருந்து வருகிற எல்லா வழியையும் அடைத்துவிடலாம். எந்த நாட்டிலிருந்து தட்டினாலும் திறக்காது. இனி தம்பியிடம் பாஸ்வேர்டு கொடுத்தாலும் பயன் இருக்காது, யாரும் கொடுக்கவும் மாட்டார்கள். கூடவே, பயிற்சியை டூட்டி நேரத்திலேயே இல்லத்துக் கம்ப்யூட்டரில் முடிக்க நேரம் ஒதுக்கச் சொல்லி எழுதலாம். கொனோர் இரண்டையும் குறித்துக்கொண்டார். அறிக்கையில் நடந்ததை நடந்தபடி எழுதினேன். திருட்டு இல்லை, பகிர்ந்த பாஸ்வேர்டு, தம்பி, பயிற்சி. ஒரு வார்த்தை கூட்டவில்லை, ஒரு வார்த்தை குறைக்கவில்லை.

அந்த வாரம் முழுக்கச் செல்வியின் கணக்கு முடங்கியே கிடந்தது. அதை நான் காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை போய்ப் பார்ப்பேன். அமலா தினமும் கதவைத் திறக்கும்போதே கேட்பாள்: "இன்னா ஆச்சு உங்கூரு பொண்ணு?" ஊர் பெயரை நான் சொல்லவேயில்லை, என் முகத்தை வைத்தே கண்டுபிடித்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையில் அவள் வழக்கத்தைவிட நீளமாகக் கண்ணை மூடியிருந்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

இல்லங்களின் கம்பெனியிடமிருந்து பதில் வந்தது. எழுத்து மூலம் ஓர் எச்சரிக்கை, எல்லாப் பாடத்தையும் செல்வியே மறுபடி முடிக்க வேண்டும், டூட்டி நேரத்தில் அதற்கு அனுமதி. வேலை இருக்கிறது. அன்று மாலை கணக்கைத் திறந்துவிட்டேன். இல்லத்துக் கம்ப்யூட்டரிலிருந்து செல்வி நுழைந்தார், தீ விபத்துப் பாடத்தைத் திறந்தார். அதே நாள் வெளிவழி எல்லாவற்றையும் அடைக்கும் விதியை நானே எழுதிப் போட்டேன். மறுநாள் காலையில் திண்டிவனத்திலிருந்து ஒரு முயற்சி வந்தது. அக்கா சொல்ல மறந்திருப்பார். மறுக்கப்பட்டது என்று ஒரு வரி. எங்கள் ஊர்க்காரன் ஒருவன் படியேறி வந்து, பூட்டைப் பார்த்து, திரும்பி இறங்கிப் போன மாதிரி இருந்தது. கொனோருக்கு அந்த விதி ரொம்பப் பிடித்துவிட்டது. "நல்ல பூட்டு. நம் கம்பெனிக்கும் இதையே போட்டுவிடுவோம்" என்றார். போட்டோம்.

சித்திரை வெயிலில் நான் மட்டும் ஊருக்குப் போனேன். அமலாவுக்கு லீவு கிடைக்கவில்லை. விழுப்புரத்தில் ஒரு வேலையை முடித்துவிட்டுத் திண்டிவனத்துக்கு பஸ் ஏறியபோது பக்கத்தில் உட்கார்ந்தவர், ரோட்டோரத்தில் வெள்ளரிப்பிஞ்சு வாங்கி எனக்கும் பாதி கொடுத்தார். நாட்டில் இன்னும் என்னென்ன மாறவில்லை என்று எண்ணிக்கொண்டே தின்றேன்.

"வெளிநாட்டுலருந்தா வர்றீங்க? அங்க இன்னா வேல?"

"கம்ப்யூட்டர்ல யார் உள்ள வர்றாங்க, யார் போறாங்கன்னு பாக்கறதுங்க."

"வாட்ச்மேனா?"

"கிட்டத்தட்ட அப்பிடித்தாங்க."

"அதுக்கு அவ்ளோ தூரம் போவணுமா சார்? எங்க மச்சான் ரைஸ் மில்லுலயே ஆளு கேட்டுக்கினு இருக்கான். நம்பரு தரட்டா?"

நம்பரை வாங்கிக்கொண்டேன். பயந்தவன் எதையும் வேண்டாம் என்று சொல்வதில்லை.

திண்டிவனத்தில் இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது செல்போன் கடைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனேன். நான் வேலை பார்த்த பிரவுசிங் சென்டர் இருந்த இடத்தில் இப்போது ஜூஸ் கடை. இந்த இளைஞர்களில் யார் கை கழுவும் பாடத்தில் முழு மதிப்பெண் வாங்கியவன்? ஒருவன் கல்லாவில் சாய்ந்துகொண்டு போனில் ஏதோ அழுத்திக்கொண்டிருந்தான். இவனாக இருக்கலாம். தேடிப் போய் விசாரிக்கும் எண்ணம் எனக்கு இல்லை, அது முறையும் இல்லை. உன் அக்காவுக்கு வேலை இருக்கிறது, பாப்பா போய்ச் சேர்ந்திருப்பாள் என்று மட்டும் மனதுக்குள் சொல்லிக்கொண்டு நடந்தேன். பாப்பா போய்ச் சேர்ந்தாளா என்று உண்மையில் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள எனக்கு எந்த வழியும் இல்லை. நான் பார்க்கிற திரையில் ஆட்களின் கணக்கு தெரியும், ஆட்கள் தெரிய மாட்டார்கள்.

அயர்லாந்து திரும்ப இரண்டு நாள் இருக்கும்போது மெயில் வந்தது. ஒப்பந்தத்தை இன்னும் ஆறு மாதம் நீட்டியிருக்கிறார்கள். கம்பெனியின் தளத்துக்குள் போய், திங்கட்கிழமைக்குள் கையொப்பமிட வேண்டும். அம்மா கூடத்தில், எங்கள் பக்கம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையைக் கொட்டி வைத்து, எனக்குக் கொடுத்தனுப்ப உரித்துக்கொண்டிருந்தாள். நானும் எதிரே உட்கார்ந்து உரித்துக்கொண்டிருந்தேன். கையைத் துடைத்துவிட்டுப் போனில் திறந்தேன். இந்த இடத்திலிருந்து அனுமதி இல்லை என்று வந்தது. இன்னொரு முறை அழுத்தினேன். அனுமதி இல்லை.

"இன்னாடா, மூஞ்சி அப்பிடிப் போச்சி? தொறக்கலியா?"

"தொறக்காதும்மா. நான்தான் பூட்டுனேன்."

அம்மாவுக்கு அது போதுமான பதிலாக இருந்தது. அமலாவைக் கூப்பிட்டேன். அவள் கேட்டதும் ஒரு யோசனையும் இல்லாமல் சொன்னாள்: "அவ்ளோதான? பாஸ்வேர்ட சொல்லுங்க, இங்கருந்து நான் ஜல்தியா அழுத்திடறேன்." சொல்லி முடித்ததும்தான் என்ன கேட்டோம் என்று அவளுக்கே உறைத்தது. பிறகு அவள் சிரிக்கத் தொடங்கினாள், நிறுத்தவே முடியவில்லை. "சரி சரி, கேக்கல. சொன்னா என் பேரையும் எழுதிடுவீங்க." கொனோரைக் கூப்பிட்டபோது அவரும் சிரித்தார். உனக்கு மட்டும் ஒரு மணி நேரம் திறந்துவிடட்டுமா, ஒன்றும் பிரச்சினையில்லை என்றார். திறந்துவிடுங்கள் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். விமானம் தாமதமானால்? திங்கட்கிழமை தவறினால்? எல்லாப் பயமும் வரிசையில் வந்து நின்றது. ஆனால் அண்ணே என்று கூப்பிட்டவருக்குப் பதில் சொல்லாமல், அவர் தம்பியின் முகத்துக்கு நேரே சாத்திய கதவு அது. எனக்காகத் திறக்கச் சொல்ல மனம் வரவில்லை. "வேண்டாம். நான் அங்கே வந்து போடுகிறேன்" என்றேன்.

மறுபடி வந்து அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தேன். வெயில் தரையில் பாதிக் கூடம் வரை வந்திருந்தது. என் ஒப்பந்தம் அயர்லாந்தில் ஒரு திரைக்குள் கையொப்பத்துக்காகத் திறந்து கிடந்தது. அதைப் போட வேண்டிய கை திண்டிவனத்தில் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தது.